வானத்தில் விழுந்த கட்டைவிரல்

அவள் பிறந்ததும் அழவே இல்லையாம், "எதுக்கு?" என்று கேட்டாளாம். அக்காள்காரி இப்படிச் சொல்லிச் சொல்லியே தங்கைக்குக் கேள்விக்காரி என்ற பேர் நிலைத்துவிட்டது. கத்திக்கு முனை எதற்கு என்று ஐந்து வயதில் பார்க்கப் போய், வலது கட்டைவிரலில் குறுக்கே ஒரு வடு. வலப்பக்கமாகச் சாய்ந்த வடு. நாற்பது வயதாகியும் அது மறையவில்லை, அவள் வாயும் ஓயவில்லை.

ஓர் ஓவியருடைய அச்சுக்கூடத்தில் வேலை பார்த்தாள். அக்காள் வீட்டுக்காரர், அதாவது அவளுடைய அத்தான், அங்கே பிரஸ் ஓட்டுகிறவர். பெரிய சக்கரத்தை அவர் சுற்றினால் உருளைக்கு அடியில் செப்புத் தகடும் ஈரக் காகிதமும் நசுங்கிக்கொண்டு போகும். அவர்தான் இவளை அங்கே சேர்த்துவிட்டார். "கேள்வியை வாசல்லயே கழட்டி வச்சுட்டு உள்ள வா" என்று சொல்லித்தான் சேர்த்தார். யார் கேட்டது?

தகட்டைச் சுண்ணாம்புப் பொடி போட்டுத் தேய்த்துப் பிசுக்கில்லாமல் கொடுப்பது அவள் வேலை. அதன்பின் ஓவியர் அதை ஒரு மரப்பெட்டிக்குள் நுழைப்பார். பெட்டிக்குள்ளே பிசின் தூள் புகைபோலப் பறந்து தகட்டின்மேல் மெல்லப் படியும். அடியில் நெருப்புக் காட்டினால் ஒவ்வொரு துகளும் உருகித் தகட்டோடு ஒட்டிக்கொள்ளும். அமிலத்தில் போட்டால் துகள் இருக்கிற இடத்தை விட்டுவிட்டு, இடுக்குகளை மட்டும் அது அரிக்கும். அரித்த குழியில் மை தங்கும். கொஞ்ச நேரம் அரித்தால் சாம்பல், நிறைய நேரம் அரித்தால் கறுப்பு. இதற்கு அக்வாடிண்ட் என்று பேர். கோடே போடாமல் ஒரு மழைமேகத்தைத் தகட்டில் இறக்கிவிடலாம்.

"தூள் ஏன் சார் ஒரே இடத்துல குமியாம பரவலா விழுது?"

"காத்துகிட்ட போய்க் கேளு."

அந்த மழைமேகம்தான் வினையானது. மூன்று மாதம் உழைத்த தகடு. கண்காட்சிக்கு எட்டு நாள் இருக்கும்போது முதல் பிரதி எடுத்தார்கள். அத்தான் காகிதத்தை ஓரம் பிடித்து உரித்தார். கீழே கூரைகள், மேலே கறுத்த வானம். வானத்துக்கு நட்டநடுவே வெளிறிப்போய் ஒரு கட்டைவிரல் ரேகை! எண்ணெய்க் கையோடு யாரோ தொட்டிருக்கிறார்கள். எண்ணெய் பட்ட இடத்தை அமிலம் சரியாக அரிக்கவில்லை. ரேகைக்குக் குறுக்கே வடு ஒன்று, வலப்பக்கமாகச் சாய்ந்த கறுப்புக் கோடாகத் தெரிந்தது.

ஓவியர் இரண்டு பேர் கையையும் நீட்டச் சொன்னார். அத்தானுக்கும் கட்டைவிரலில் வடு உண்டு, காகிதம் வெட்டும்போது பட்டது. அது இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

"இந்தக் கூடத்துல எல்லாமே தலைமாறித்தான் அச்சாகும். வலதுன்னா இடது. இது உங்க விரல்தான். பிரஸுக்கு எண்ணெய் போட்ட கை."

"நான் தகட்டுப் பக்கமே போகலை சார்."

"அவ தேச்சுக் கொடுத்தவ, அவளே அழுக்காக்குவாளா? விரலே சொல்லுது. நீங்க நாளையிலேர்ந்து வரவேண்டாம்."

பத்தொன்பது வருஷமாகக் கட்டிய ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு அத்தான் போய்விட்டார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவளுக்கு வேலை ஓடவில்லை. தலைமாறும் என்றால் எத்தனை தடவை மாறும்? மை துடைத்துக்கொண்டிருந்தவள் கட்டைவிரலில் மையைத் தொட்டு ஒரு காகிதத்தில் வைத்தாள். வடு இடப்பக்கம் சாய்ந்தது. சரிதான், மாறுகிறது. ஆனால் விரல் பட்டது காகிதத்தில் இல்லையே, தகட்டில் அல்லவா? மறுபடி மை தொட்டு உடைந்த கண்ணாடித் துண்டில் வைத்தாள். அதன்மேல் ஈரக் காகிதத்தைப் போட்டு அழுத்தி உரித்தாள்.

வடு வலப்பக்கம் சாய்ந்திருந்தது. தகட்டில் விழும்போது ஒரு தடவை, காகிதத்துக்கு வரும்போது ஒரு தடவை. இரண்டு தடவை மாறினால் நேராகத்தானே நிற்கும்!

சந்தோஷத்தில் சிரிக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். வலப்பக்கம் சாய்ந்த வடு யாருடையது? அப்போதுதான் ஞாபகம் வந்தது. தூள் போட்ட அன்றைக்குப் பிசின் பெட்டிக் கதவு கிறீச்சிடுகிறதே என்று கீலுக்கு எண்ணெய் விட்டாள். பக்கத்தில் அவளே தேய்த்து வைத்த தகடு கண்ணாடி மாதிரிப் பளபளத்தது. குளிருமா என்று ஒரே ஒரு தொடு.

வாயை மூடிக்கொண்டு இருந்தால் யாருக்கும் தெரியாது. ராத்திரி அக்காள் முகம் வந்து வந்து போனது.

காலையில் ஓவியர் மேஜைமேல் கண்ணாடித் துண்டை வைத்தாள். "சார், உங்க கட்டைவிரலக் குடுங்க" என்றாள். அவர் திட்ட வாயெடுப்பதற்குள் மை தடவிவிட்டாள். கண்ணாடியில் வைத்து, காகிதம் போட்டு, உரித்துக் காட்டினாள். அவர் தன் விரலில் ரேகை வளைகிற பக்கத்தையும் காகிதத்தில் வளைகிற பக்கத்தையும் மாறிமாறிப் பார்த்தார்.

"நேரா வருதே!"

"ஆமா சார். அப்போ வானத்துல இருக்கறது என் விரல். குளிருதான்னு பாத்தேன்."

அவர் விரலில் இருந்த மையைத் துணியில் துடைத்தார்.

"முப்பது வருஷமாத் தலைமாத்திப் பாத்தே பழகிட்டேன்" என்றார். "போய் அவரைக் கூட்டிட்டு வா. நானும் வரேன்."

அக்காள் கதவைத் திறந்தவுடனே அவள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள், இரண்டு தடவை தலைமாறுவது உட்பட. அக்காள் ஆரம்பித்தாள். "உன் ஒரு விரலுக்கு என் வீட்டுக்காரர் தலையா? அடியே, தொட்டுப் பாக்க உனக்கு வேற எதுவுமே கிடைக்கலையா?" பின்னால் நின்ற ஓவியரைப் பார்த்ததும் நாற்காலி எடுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை. "தப்பு என்னோடது, மன்னிச்சுடுங்க" என்று அத்தானிடம் சொன்னார்.

அத்தான் மச்சினியைப் பார்த்தார். "ரெண்டு தடவை மாறிச்சா? அது எப்படி?"

"கேளுங்க அத்தான், கேளுங்க. இன்னிக்கு நீங்க கேளுங்க."

அவர் வேலைக்குத் திரும்பி வந்தார், ஒரு நிபந்தனையோடு. தகட்டைச் சரிசெய்ய, வானத்தில் அந்த இடத்தை மட்டும் விட்டு மற்றதையெல்லாம் வார்னிஷ் பூசி மறைத்து, மறுபடி தூள் போட்டு அரிக்கவேண்டும். பெட்டியைத் திறக்கப் போன ஓவியரை நிறுத்தி, அத்தான் தன் நிபந்தனையைச் சொன்னார்.

"சார், கையக் காட்டுங்க."

ஓவியர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். அடுத்து அவள். அன்று தொடங்கியதுதான், இன்றைக்கும் அங்கே பிசின் பெட்டியைத் திறக்குமுன் எல்லாரும் கையை நீட்டவேண்டும், முதலாளிதான் முதலில். சக்கரம் சுற்றுகிற மனிதர் ஒவ்வொரு விரலாகப் பார்த்துத் தலையாட்டினால்தான் கதவு திறக்கும்.

"அத்தான், உங்க கைய யாரு பாக்கறது?" என்று கேட்டாள் அவள்.

அவர் யோசித்துவிட்டு, கையை அவளிடம் நீட்டினார்.