பக்கத்து வீட்டின் வரி எண்

என் பெரியப்பா மகளின் வீட்டு வரி எண் எனக்கு மனப்பாடம். எங்கள் வீட்டு எண்ணைத்தான் பழைய ரசீதைத் தேடியெடுத்துப் பார்த்து அடிப்பேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு வீட்டுக்கும் என் போனிலிருந்தே கட்டிவிடுவேன். அவள் பத்தாம் வகுப்போடு நின்றவள். எங்கள் இரு குடும்பத்திலும் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். பாங்கு, ரேஷன், நகராட்சி என்று எந்தத் தாள் வந்தாலும் என்னிடம்தான் வரும். அப்படி வருவது எனக்குப் பிடிக்கும்.

இராஜபாளையத்தில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அப்பாவும் பெரியப்பாவும் ஒரு மனையைச் சேர்ந்து வாங்கி, பாதிப் பாதியாகப் பிரித்து, ஒரே கொத்தனாரை வைத்து ஒரே அளவில் கட்டினார்கள். பெரியப்பாவுக்குப் பிறகு அந்த வீடு அவளுக்கு வந்தது. மில்லில் ஃபிட்டராக இருக்கும் அவள் புருஷன் மாடியில் புதிதாக ஓர் அறை கட்டினார். அதன் ஜன்னல் மேற்கே பார்த்தது. மலை முழுவதும் அதற்குள் வந்துவிடும். நான் எம்.எஸ்சி. பாடங்களை எங்கள் அடுப்படியில் குக்கர் சத்தத்துக்கு நடுவில் படித்தேன். அவள் அந்த அறையில் மத்தியானம் படுத்துத் தூங்கினாள். பொறாமைப்பட இதற்கு மேல் ஒரு காரணமும் எனக்குத் தேவைப்படவில்லை.

நகராட்சி எல்லா வீட்டுக்கும் புதிதாக வரி மதிப்பிட்டபோது, தொகையைப் போனில் முதலில் பார்த்தவளும் நான்தான்.

“எங்களுக்கு எம்புட்டு வந்திருக்கு?” என்று வாசலில் நின்று கேட்டாள்.

சொன்னேன்.

“உங்களுக்கு?”

எங்களுக்கு அவளுடையதைப் போல ஒன்றரை மடங்கு. அதையும் சொன்னேன்.

“அப்ப உங்க வீடுதான் பெரிய வீடு ஏட்டி! டீச்சர் வீடுன்னா சும்மாவா?” என்று சிரித்தாள். மாடி அறை அவளுக்கு, வரி எனக்கு. 

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். எட்டாம் வகுப்புக்குப் பரப்பளவு நடத்துகிறவளுக்கு இது புரியாமல் போகுமா? மறுநாள் திரும்பி வரும் பஸ்ஸிலேயே, மிஞ்சிய வினாத்தாள் ஒன்றின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். வீடு எத்தனை சதுர அடி, தெரு எந்த மண்டலத்தில் வருகிறது, மேலே கான்கிரீட்டா ஓடா, கட்டி எத்தனை வருடம் ஆயிற்று, குடியிருக்கிறோமா வியாபாரம் செய்கிறோமா. இவ்வளவுதான் விஷயம். அலுவலகத் தாளில் படிக்கும்போது மிரட்டுகிற சொற்கள், பிரித்துப் பார்த்தால் எட்டாம் வகுப்புப் பெருக்கலும் கழித்தலும்தான். என் கணக்குப்படி அவள் கட்டும் தொகைதான் எங்களுக்கும் வர வேண்டும். அவளுக்கோ மாடி அறையையும் சேர்த்தால் இன்னும் கூடுதலாக வர வேண்டும். மதிப்பிட வந்தவர் கீழே மட்டும் பார்த்துவிட்டுப் போயிருந்தார்; அந்த அறை நகராட்சித் தாளில் இல்லவே இல்லை.

எங்களுக்கு ஏன் கூடியது என்பதற்குப் பதில் அம்மாவிடம் இருந்தது. எங்கள் பக்கம் பல வீடுகளில் செய்வதுபோல அம்மாவும் கம்பெனியிலிருந்து பேண்டேஜ் துணி வாங்கி வந்து முன் அறையில் மடித்துக் கொடுப்பாள்.

“அளக்க வந்தவரு இங்க என்ன நடக்குன்னு கேட்டாரு. தொழில் நடக்குன்னேன்” என்றாள்.

“கூலிக்கு மடிக்கோம்னு சொல்ல வேண்டியதுதானம்மா?”

“ஏன், கூலிக்காரின்னு எழுதணுமாக்கும்? எம்மக டீச்சரு, எனக்குச் சொந்தத் தொழிலுன்னேன். அவரும் மரியாதையா எழுதிக்கிட்டுப் போனாரு.”

அந்த மரியாதைக்குத்தான் முன் அறை வணிகக் கணக்கில் போயிருந்தது. அம்மாவைத் திட்ட வாய் வரவில்லை. அவள் இடத்தில் இருந்திருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

நகராட்சி அலுவலகத்தில் மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் அலுவலர், வரியைக் குறைக்கக் கேட்டு நான் கொடுத்த மனுவைப் படித்துவிட்டு, “அதே தெருவுல அதே அளவு வீடு ஒண்ணோட வரி எண்ணையும் எழுதிக் குடுங்க. ஒப்பிட்டுப் பார்க்கச் சுலபமா இருக்கும்” என்றார்.

எங்கள் தெருவில் அந்த அளவில் இன்னும் நான்கு வீடுகள் உண்டு. ஒரு சாயங்காலம் நடந்தால் எண்ணைக் கேட்டு வாங்கிவிடலாம். நான் நடக்கவில்லை. நின்ற இடத்திலேயே, யோசிக்காமல், பெரியப்பா மகளின் எண்ணை எழுதினேன். யோசிக்காமல் என்பது பொய். அளக்க வருகிறவர் அண்ணாந்து பார்ப்பார் என்று எனக்குத் தெரியும். வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது, உண்மையைத்தானே எழுதினோம் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன். அவளுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்ற பயமும் அங்கேயே தொடங்கிவிட்டது. சண்டைக்கு நான் பயப்படவில்லை. அவள் இனி ஒரு தாளையும் என்னிடம் கொண்டு வரமாட்டாள். அவளைவிட நான் உயர்ந்து நின்றது அந்த ஒரு இடத்தில்தான்.

ஒரு சனிக்கிழமை அளக்க வந்தார்கள். எங்கள் முன் அறையைப் பார்த்து, அம்மாவிடம் விசாரித்து, குடியிருப்பு என்று மாற்றிக்கொண்டார்கள். பிறகு அந்த வீடு.

“மேல ரூம் எப்ப எடுத்தது?”

“ஆச்சு சார், நாலு வருசம். செத்த நேரம் நில்லுங்க, சாவி எடுத்துட்டு வாரேன்.”

மறைக்கவும் இல்லை, மழுப்பவும் இல்லை. டேப்பின் ஒரு முனையை அவளே பிடித்துக்கொண்டாள். பதினாறுக்குப் பன்னிரண்டு என்று மேலிருந்து குரல் கேட்டது. நான் நினைத்திருந்ததைவிடப் பெரிய அறை. 

எங்களுக்குக் குறைந்தது, அவளுக்குக் கூடியது. நோட்டீஸ் வந்த அன்று அதை எடுத்துக்கொண்டு அவள் வந்தாள். நான் ஒவ்வொரு வரியாக வாசித்து, பரப்பளவு இது, மண்டலம் இது, கட்டிடத்தின் வயதுக்குக் கழிப்பது இது என்று விளக்கினேன். டீச்சர் குரல் தானாக வந்துவிட்டது. அவள் முழுவதும் கேட்டாள்.

“கணக்குச் சரிதானா?”

“சரிதான்.”

“எங்க நம்பரை எழுதிக் குடுத்தது நீதானாமே? அளக்க வந்தவரு உன் மனுவக் காட்டுனாரு.”

நான் தலையை ஆட்டினேன். மன்னிப்புக் கேட்க ஒரு வாக்கியம் தயாராக வைத்திருந்தேன். அவள் அதற்கு இடம் விடவில்லை.

“அந்த ரூம்ல நீ வந்து படிச்சிருக்கலாம் ஏட்டி. ஒரு நா கேட்டியா?” என்றாள். கோபமாகச் சொன்ன மாதிரியும் இல்லை. பிறகு தன் போனை எடுத்து என் முன்னால் வைத்தாள். “என் போன்லயே வச்சுச் சொல்லிக் குடு. எங்க அமுக்கணும், எதை அடிக்கணும்னு. இனி நானே கட்டிக்கிடுதேன்.”

“நான் கட்டித் தாரேனே.”

“வேண்டாம். சொல்லிக் குடு.”

சொல்லிக் கொடுத்தேன். ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஒருமுறை தடுமாறினாள். தொகை வந்ததும் நோட்டீஸோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கட்டினாள். ரசீது திரையில் வந்தது. மொத்தமாக ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

“இம்புட்டுதானா?” என்றாள்.

நோட்டீஸை மடித்துக்கொண்டு போனாள். படியேறி மாடிக்குப் போகும் சத்தம் கேட்டது.