மணல்திட்டோரம் கட்டிய மாடு

குளவியின் வயிற்றுக்கடியில் தொங்கிய ஈயின் ஒரு கால் மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. ஓய்வு பெற்றுத் திருப்பத்தூரில் குடியேறிய பிறகும், ஈயைக் கண்டால் எனக்கு அந்தக் கால்தான் நினைவுக்கு வருகிறது.

சுகாதார ஆய்வாளராக நான் கடைசியாக வேலை பார்த்தது ஜவ்வாது மலையில். பால்காரம்மா வீட்டில் குடியிருந்தேன். வீட்டுக்குப் பின்னால் ஓடை ஒதுக்கிய மணல்திட்டு முழுக்க மணல்குளவிகளின் வளைகள். அடுத்தடுத்துத் தோண்டினாலும் ஒவ்வொன்றுக்கும் தனிக்குடித்தனம். முன்கால்களால் நாயைப்போல மணலை வாரியடித்து உள்ளே நுழையும். தன் புழுவுக்குத் தீனியாக, கொட்டி முடக்கிய ஈயைக் கொண்டுபோகும். கொலைதான், ஆனால் எங்கள் துறையின் ஈ ஒழிப்பைவிட ஒழுங்காக நடந்தது. வெயில் ஏறியதும் ஊரார் மாடுகளை அந்தத் திட்டோரம் கட்டுவார்கள். மாட்டின் மேலிருந்தே குளவிகள் ஈயைக் கவ்விப்போகும்.

அந்தக் கோடையில் பால்காரம்மாவின் சினைமாடு முள்கம்பியில் மடியைக் கிழித்துக்கொண்டது. அவருக்கு இருந்தது அந்த ஒரு மாடுதான். புண்ணில் ஈ மொய்க்காதிருக்கப் பகல் முழுக்கத் திட்டோரமே கட்டிவைத்தார். வாணியம்பாடியிலிருந்து வந்திருந்த மருமகனுக்கு அது பொறுக்கவில்லை. ஈ மொய்க்கும் தோல் மண்டியில் மேஸ்திரி; ஈ விஷயத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்ற நினைப்பு.

"அத்தே, இந்த ஓட்டைங்கள்லதான் ஈயே பொறக்குது. உள்ள போறத நானே பாத்தேன்."

"போறத பாத்தீங்க. வெளிய வர்றத பாத்தீங்களா மாப்ள? சும்மா கெடங்க."

மறுநாள் பால்காரம்மா புல்லறுக்கப் போன நேரத்தில், மருமகன் மாட்டை அவிழ்த்து அப்பால் கட்டிவிட்டு, திட்டின்மேல் வைக்கோலைப் பரப்பி, டீசல் ஊற்றிக் கொளுத்திவிட்டார். புகையைக் கண்டு நான் ஓடியபோது, ஈயோடு திரும்பிய குளவிகள் தம் வாசலைத் தேடி நெருப்புக்குள்ளேயே இறங்கிக்கொண்டிருந்தன. இறக்கை கருகி, பிடித்த இரையை விடாமலே விழுந்தன.

சில நாட்களில் மடியில் புழு வைத்தது. வேப்பெண்ணெய், கற்பூரம், கால்நடை மருத்துவரின் ஊசி எதற்கும் அடங்கவில்லை. மாடு கத்திக்கத்தித் தன் புண்ணையே உதைத்துக் கிழித்தது. வயிற்றுக் கன்றோடு செத்தது.

செத்த மாட்டை எவ்வளவு ஆழத்தில் புதைக்க வேண்டும், எவ்வளவு சுண்ணாம்பு கொட்ட வேண்டும் எல்லாம் எனக்கு மனப்பாடம். ஓடையோரம் கூடாது என்பதும் விதிதான். மலையில் மற்ற இடமெல்லாம் பாறை. மணல்திட்டில் மருமகனே மண்வெட்டியை இறக்கினார். கருகிய மேல்மணலுக்குக் கீழே வளைகள் உடைந்தன. ஒவ்வொன்றிலும் ஈயின் தலைகள், இறக்கைகள், கால்கள். ஒரு பிடி அள்ளிப் பார்த்தார்.

"அத்தே... உள்ள எல்லாம் செத்த ஈங்க."

மாட்டின் கண்ணில் மொய்த்தவற்றைத் துண்டால் விரட்டிக்கொண்டிருந்த பால்காரம்மா நிமிரவில்லை.

"இப்ப இன்னா அதுக்கு? தோண்டு. நாய் இழுக்காத ஆழத்துக்குத் தோண்டு."