மீரா முகைதீனின் தலையும் அடுக்களை நிலையும்

தேங்காப்பட்டணம் மீரா முகைதீன் கொஞ்சம் உயரமான ஆள். அவர் வீட்டு அடுக்களை வாசலோ குட்டையானது. கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலேயே அவர் தலைக்கும் அதன் நிலைக்கும் முட்டிக்கொண்டது. அதன் பிறகு சமாதானம் என்ற பேச்சே இல்லை.

அது அவர் மனைவி மெஹ்ருன்னிசாவுக்கு அவளுடைய வாப்பா கொடுத்த பழைய ஓட்டு வீடு. மருமகனாக வந்த முகைதீன் கொஞ்ச நாளிலேயே ஷார்ஜாவுக்கு விமானம் ஏறினார். அங்கே ஒரு கம்பெனியில் மெயின்டெனன்ஸ் வேலை. குழாய், கரண்டு, ஏசி, கதவு என்று ஊரான் வீட்டில் எது கெட்டாலும் இவர் போய் நேராக்குவார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவு. வந்து இறங்கிய அன்றே அடுக்களை நிலை நெற்றியில் ஒரு போடு போடும். மறுநாள் இன்னொன்று. லீவு முடிகிற வாரத்தில்தான் தலைக்குப் புத்தி வந்து தானாகக் குனியத் தொடங்கும். அதற்குள் பெட்டி கட்ட நேரமாகிவிடும். அடுத்த லீவுக்குள் தலை எல்லாவற்றையும் மறந்துவிட்டு வந்து நிற்கும்.

மனுஷன் இப்படியே இருபத்தாறு வருஷம் ஓட்டிவிட்டார். மகள் சஜ்னாவின் கல்யாணமும் மகன் யாசிரின் படிப்பும் சம்பாத்தியத்தைத் தின்று தீர்த்தன. அதில் அவருக்கு வருத்தமில்லை, அதற்குத்தானே போனார். போன வருஷம் கம்பெனி போதும் என்று அனுப்பிவிட்டது. மிச்சமிருந்த கொஞ்சம் பணமும் ஒரு டூல் பாக்ஸுமாக வந்து சேர்ந்தார். மெஹ்ருன்னிசா வாசலில் சிரித்துக்கொண்டே நின்றாள். அவள் பின்னாலேயே அடுக்களைக்குப் போனவருக்கு நிலை தன் பங்குக்கு வரவேற்புக் கொடுத்தது.

அடிகூடப் பரவாயில்லை. மெஹ்ருன்னிசா அவரைக் கவனித்துக்கொண்ட விதம்தான் அவரை வாட்டியது. சாயா பூப்போட்ட கோப்பையில் வரும். சம்பந்தி வீட்டார் வந்தால் மட்டும் அலமாரியிலிருந்து இறங்குகிற கோப்பை அது. தினமும் பொரித்த மீன். கட்டிலில் வெள்ளை விரிப்பு. மாதக்கணக்கில் ஒரு கடுஞ்சொல் கிடையாது. பக்கத்து வீட்டுச் சகாயத்தை அவன் மனைவி காலையில் தொடங்கி ஏசுவது மதில் தாண்டிக் கேட்கும். கேட்கும்போதெல்லாம் முகைதீனுக்குப் பொறாமையாக இருக்கும்.

“நான் என்ன விருந்துக்கா வந்திருக்கேன், மெஹ்ரு?” என்று ஒருநாள் கேட்டேவிட்டார்.

“பின்ன? இத்தன வருஷமும் அப்படித்தானே வந்திய?” என்றாள் அவள்.

அவள் குத்திக்காட்டவில்லை, உள்ளதைச் சொன்னாள். அதுதான் அவருக்கு அதிகமாக வலித்தது.

யாசிர் போனில் ஒரு யோசனை சொன்னான். “வாப்பா, அந்த வீட்ட வித்துட்டு நாகர்கோவில்ல ஒரு பிளாட்டு பாருங்கோ. அது எப்ப விழும்னு தெரியாது.”

“ஊரான் வீட்டையெல்லாம் நேராக்கினவன் எனக்க வீட்ட விட்டுட்டு ஓடவா, மக்கா?” என்றார் முகைதீன். ‘எனக்க வீடு’ என்று சொல்லிவிட்டு மெஹ்ருன்னிசாவை ஓரக்கண்ணால் பார்த்தார். அவள் காதில் விழுந்திருந்தது.

அன்றே முடிவு செய்துவிட்டார். இந்த வீட்டைத் தன் கையால் நேராக்கிவிட்டால், தானும் இந்த வீட்டு ஆளாகிவிடலாம். அவர் கணக்கு அவ்வளவுதான். ஆள் வைக்க வசதியில்லை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? மேஸ்திரியும் அவரே, கையாளும் அவரே.

முதல் வேலையாக அந்த அடுக்களை நிலையைப் பெயர்த்து உயர்த்துவது என்று டேப்போடு போய் நின்றார்.

“நிலை அங்க நிக்கட்டும். மழை வரப்போவுது, முதல்ல ஒழுக்கப் பாருங்கோ” என்றாள் மெஹ்ருன்னிசா.

ஒழுக்கா? ஷார்ஜாவில் எந்த ஒழுக்குக்கும் மருந்து ஒன்றுதான், சிலிக்கான் பசை. அங்கே எல்லாம் காங்கிரீட் கூரை, மழையும் பேருக்குத்தான். ஓட்டுக் கூரை எதிலும் அவர் அதுவரை ஏறியதில்லை. அதைப் பற்றி யோசிக்காமல் சிலிக்கான் துப்பாக்கியோடு ஏறி, ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவில் இருந்த இடுக்கையெல்லாம் பார்த்துப் பார்த்து அடைத்துவிட்டு இறங்கினார். தண்ணீர் ஓட்டுமேல் ஓடாக வழிந்து போவதற்கான இடுக்குகள் அவை. முதல் மழையிலேயே வழி அடைபட்ட தண்ணீர் பின்வாங்கி வீட்டுக்குள் இறங்கியது. முன்பு முன்னறையில் ஒரு இடத்தில் சொட்டிய வீடு இப்போது கட்டில்மேலும் அரிசிப் பானைமேலும் கொட்டியது. வெள்ளை விரிப்பு ஊறிக் கிடந்தது.

முகைதீன் ஏச்சு வாங்கத் தயாராக நின்றார். உண்மையைச் சொன்னால், ஆசையோடு நின்றார்.

“பரவாயில்ல, நீங்க சாயா குடியுங்கோ” என்று மெஹ்ருன்னிசா பூக்கோப்பையை நீட்டினாள்.

அவருக்கு அழுகை வந்தது. விருந்தாளியை யார் ஏசுவார்கள்? கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, “எனக்கு இந்தக் கூரை புரியல, மெஹ்ரு. நீ சொல்லு, நான் செய்யுதேன்” என்றார்.

அவள் கோப்பையை ஓரமாக எடுத்து வைத்தாள். பிறகு மேலே கைகாட்டினாள். “சொட்டுதது இங்க. ஆனா வெள்ளம் நொழையுதது அங்க, முகட்டுக்குக் கிட்ட. கடல் காத்தோட மழை வந்தாத்தான் ஒழுவும். கெழக்க இருந்து வந்தா ஒரு சொட்டு விழாது.”

“ஒனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?”

“பின்ன யாருக்குத் தெரியும்? பிள்ளையள ரெண்டு பக்கமும் கெடத்திட்டு, சருவத்தில சொட்டு விழுதத கேட்டுட்டே கெடப்பேன். போன்ல சொன்னா நீங்க அங்க கெடந்து வெசனப்படுவிய. அதான் சொல்லல.”

முகைதீன் கூரையை ஆராய்வதுபோல முகத்தை மேலே திருப்பிக்கொண்டார். கண் நிறைந்து கூரை மங்கலாகத் தெரிந்தது.

மறுநாள் இருவரும் ஸ்கூட்டரில் அருமனைக்குப் போனார்கள். இடிக்கிற பழைய வீடுகளின் ஓடுகளையும் மரத்தையும் ஜெப்சன் என்ற பையன் அங்கே மலிவாக விற்கிறான். மெஹ்ருன்னிசா ஒவ்வொரு ஓடாக எடுத்து விரல் முட்டியால் தட்டி, காதோரம் வைத்துக் கேட்டாள். நல்ல ஓடு கணீரென்று சொல்லும், விண்டது டொக்கென்று முனகும்.

“உம்மா, இது ஓடா, தேங்காயா?” என்றான் ஜெப்சன்.

“தேங்கா அழுவினா ஒருநாள் கறிதான் போவும் மக்கா” என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த ஓட்டைத் தட்டினாள்.

அந்த வாரம் முழுக்க முகைதீன் கூரைமேல் இருந்து, தான் பூசிய சிலிக்கானைத் தானே சுரண்டி, விண்ட ஓடுகளை மாற்றினார். அவள் முற்றத்தில் நின்று நீளக் கம்பால் இடம் காட்டினாள். கயிற்றில் கட்டிய வாளியில் சாயா மேலே ஏறியது. பூக்கோப்பை உடைந்துவிடும் என்று நசுங்கிய எவர்சில்வர் தம்ளரில் வைத்திருந்தாள். 

“அது இல்ல, அதுக்கு மேல உள்ளது. மேலன்னா கீழ பாக்குதிய. கண்ணு எங்க கெடக்கு உங்களுக்கு?”

முகைதீனின் கையிலிருந்து ஓடு நழுவப் பார்த்தது. காதில் தேன் பாய்ந்தது என்பார்களே, அதுதான். இன்னொரு தடவை ஏசுவாளோ என்று வேண்டுமென்றே தப்பான ஓட்டைத் தொட்டுப் பார்த்தார். ஏசினாள்.

இடவப்பாதி மழை ஒரு மதியம் கடல் காற்றோடு வந்து இறங்கியது. மெஹ்ருன்னிசா பழக்கத்தில் சருவப் பாத்திரத்தைக் கொண்டுவந்து அதன் இடத்தில் வைத்தாள். இருவரும் சுவரில் சாய்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மழை அடித்துப் பெய்து ஓய்ந்தது. சருவம் காய்ந்தபடி இருந்தது. அவள் உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்த்தாள். பிறகு எடுத்துக்கொண்டு போய்ப் புளி போட்டுத் தேய்த்தாள். அன்று மாலை அதில் மீன்குழம்பு கொதித்தது.

பிறகு ஒவ்வொன்றாக நடந்தது. பழைய வயரை உருவிப் புதுசு இழுத்தார். பின்பக்கக் குழாயை மாற்றினார். பெயர்ந்த தரையைப் பூசினார். சுண்ணாம்பு அடிக்கும்போது இருவரும் சேர்ந்து வெளுத்துப்போனார்கள். வாளியும் ஏணியுமாக நாள் முழுக்க முன்னறைக்கும் அடுக்களைக்கும் நடந்தார். பூக்கோப்பை அலமாரிக்குத் திரும்பியதை அவர் கவனிக்கவில்லை.

கடைசியாக அடுக்களை நிலை மட்டும் மிச்சமிருந்தது. அதற்கென்று கொஞ்சம் பணம் ஒதுக்கி வைத்திருந்தார். ஒரு காலையில் சுத்தியலும் உளியுமாக வந்தார். மெஹ்ருன்னிசா துருவியில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

“எங்க வாறிய சுத்தியலும் கொண்டு?”

“நிலையத் தூக்கப்போறேன். இது ஒண்ணுதான் பாக்கி.”

“ஒண்ணும் வேண்டாம். எனக்க அடுக்களையில தூசி அடிக்கப்பிடாது.”

“எனக்க மண்ட உடையுதது ஒனக்கு வேடிக்கையா?”

“கடைசியா எப்ப இடிச்சிய?”

முகைதீன் யோசித்தார். சுண்ணாம்பு அடித்தபோதா? இல்லை. தரை பூசியபோது? அப்போதும் இல்லை. நெற்றியைத் தடவினார். வீக்கம் ஏதுமில்லை. அந்தப் பாழாய்ப்போன நிலையைப் பார்க்கலாம் என்று நிமிர்ந்தார். எதிரே அது இல்லை. திரும்பிப் பார்த்தார். அவருக்குப் பின்னால் இருந்தது.

அவர் அடுக்களைக்குள் நின்றுகொண்டிருந்தார்.

“நிக்கிய பாரு, வெளிச்சத்த மறிச்சிட்டு” என்றாள் மெஹ்ருன்னிசா. “சுத்தியல அங்க வச்சிட்டு வந்து இந்தத் தேங்காயத் துருவுங்கோ. எனக்கு வேற சோலி கெடக்கு.”

அவர் சுத்தியலை ஓரமாக வைத்துவிட்டுத் துருவியில் உட்கார்ந்தார்.