ஒரு வரி போதும் என்று சொன்னேன்

நானும் நண்பனும் சேர்ந்து எழுதியது அந்தச் சின்னக் கருவி. கருப்புத் திரையில் கன்டெய்னர் எண்ணைத் தட்டினால், அது துறைமுகத்தில் எங்கே இருக்கிறது என்று ஒரே வரியில் சொல்லும். படம் கிடையாது, பொத்தான் கிடையாது. துறைமுகத்துக்குப் பக்கத்தில், பண்டமாரானில் இருக்கும் எங்கள் சரக்கு அலுவலகம் அதை நம்பித்தான் லோரிகளை அனுப்புகிறது.

எழுதி முடித்த பிறகுதான் எனக்குப் பார்வை போனது. பார்வையற்றோர் பயிற்சி மையம் இருக்கும் பிரிக்ஃபீல்ட்ஸில் அறை எடுத்து, கைத்தடியோடு நடக்கப் பழகினேன். திரையில் வருவதைக் காதில் வாசித்துச் சொல்லும் மென்பொருளோடு மல்லுக்கட்டினேன். வேலைக்குத் திரும்பிய அன்று, அந்த ஒரு வரி காதில் விழுந்ததும் அழுதுவிட்டேன். வேறென்ன செய்ய?

போன மாதம் நண்பன் ஆரம்பித்தான்.

"ரொம்ப மொட்டையா இருக்குடா. தேடும்போது ஓடுற கோடு, கன்டெய்னர் லேட்டானா சிவப்பு கலரு, எல்லாம் போடலாம். புதுசா வந்தவங்க கேக்குறாங்க லா."

"அது பாட்டுக்கு ஒரு வேலைய ஒழுங்கா செய்யுது. விட்டுத் தொலையேன்!"

"சின்ன வசதிதானே மச்சான்."

அவன் செய்துவைத்திருந்த மாதிரியை என் கணினியில் ஓட்டினேன். அலுவலகத்தில் எல்லாரும் கேட்கட்டும் என்று இயர்போனைப் பிடுங்கினேன். "ஈக்குவல்ஸ், ஈக்குவல்ஸ், டென் பெர்சன்ட், ஈக்குவல்ஸ்..." என்று அந்த ஓடும் கோட்டின் ஒவ்வொரு சமக்குறியையும் இயந்திரக் குரல் மூச்சுவிடாமல் ஒப்பித்தது. இதற்குள் இடம் கேட்டுப் போனில் காத்திருக்கும் லோரி டிரைவர் வைத்துவிட்டுப் போயிருப்பார். கடைசியில் இடத்தைச் சொன்னது. லேட்டா இல்லையா என்று சொல்லவில்லை. சிவப்பு எப்படிக் காதில் கேட்கும்?



"சரிடா, உனக்கு மட்டும் பழையத வச்சிடறேன்" என்றான் நண்பன்.

நல்ல மனதோடுதான் சொன்னான். எனக்குத்தான் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பந்தியில் எல்லாரையும் உட்காரவைத்துவிட்டு, எனக்கு மட்டும் சமையலறையில் தட்டு வைப்பது போல இருந்தது. அந்தப் பழையதை யார் பார்த்துக்கொள்வார்கள்? துறைமுகத்தில் ஏதாவது மாறினால் புதியதைத்தான் திருத்துவார்கள். என்னுடையது ஒருநாள் சத்தமில்லாமல் நின்றுபோகும். அதோடு என் வேலையும் போகும்.

"தனியா வேணாம்டா. எல்லாரும் ஓட்டுறதுலயே நானும் இருக்கணும். கோடு வேணுங்கிறவன் கேட்டு வாங்கிக்கட்டும்."

 அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து தட்டத் தொடங்கினான். எதை அழிக்கிறான், எதை எழுதுகிறான் என்று எனக்குத் தெரியவில்லை.

"இப்ப ஓட்டு."

எண்ணைத் தட்டினேன். குரல் கன்டெய்னர் இருக்கும் இடத்தைச் சொன்னது. அதே வரியின் கடைசியில், முன்பு இல்லாத ஒரு சொல்லையும் சொன்னது: "லேட்."

"எல்லாருக்கும் இதான்டா" என்றான்.