வலியில்லை என்று நானா சொன்ன வெள்ளிக்கிழமை

நானா,

கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க ஆளில்லை என்று தெரியும். உங்கள் பேரை இந்த வீட்டில் இப்போது யாரும் வாயால் எடுப்பதில்லை. எடுத்தால் அன்றைக்கு உம்மாவுக்குச் சோறு இறங்காது. அதனால் இங்கேயும் நானா என்றே எழுதுகிறேன்.

படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். என் நானா, கூடப் பிறந்த ஒரே அண்ணன், மாத்தளைக்குக் கிட்ட பலாபத்வலப் பக்கம் ஒரு ஸ்பைஸ் கார்டனில் வெள்ளைக்காரர்களைச் சுற்றிக் காட்டுகிற வேலை செய்தார். அதே தோட்டத்தில் பின்பக்க அறையில் நான் மிளகும் கறுவாப்பட்டையும் உறையில் அடைத்துப் பக்கெட் போடுகிறேன். வாப்பா நான் சின்னவளாக இருக்கும்போதே மௌத்தாகிவிட்டார். வீட்டில் உம்மா, நானா, நான். அவ்வளவுதான்.

நானாவின் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் இல்லை. வேனில் வந்து இறங்குகிறவர்களிடம் கேட்டுக் கேட்டுப் பிடித்தது. அதில் அவருக்கு ஒரே ஒரு அச்சுத்தான் இருந்தது. எதைச் சொன்னாலும் அதில் ஊற்றித்தான் எடுப்பார். முதலில் "சோ" என்று ஒரு இழுவை. கடைசியில் "தட்" என்று ஒரு நிறுத்தம். மிளகை நசுக்கி ஒரு வெள்ளைக்காரியின் மூக்குக்குக் கிட்டப் பிடித்து, "சோ ஸ்ட்ரோங், மேடம், தட்..." என்பார். மீதியைச் சொல்ல மாட்டார். அந்த அம்மாவுக்குத் தும்மல் வரும், கூட்டம் சிரிக்கும். அந்தத் தும்மல்தான் மீதி. மயிர் எடுக்கிற களிம்பை ஒரு ஆளின் கையில் பூசி, கொஞ்ச நேரம் கதை கொடுத்துவிட்டுத் துடைத்தால் கை மொட்டையாக இருக்கும். "சோ குட், தட்..." என்று அந்த இடத்தைத் தடவிக் காட்டுவார்.

"வெறுமனே சோ சொல்லிட்டு நிக்கப்படா தங்கச்சி" என்று எனக்குப் படித்துக் கொடுப்பார். "எல்லாக் கடக்காரனும் சோ சொல்லுவான். தட் சொன்ன பொறகு அவங்க கண்ணால ஒண்டப் பாக்கணும்."

வீட்டிலும் அதே பேச்சுத்தான். "உம்மா, இண்டைக்கு மீன் ஆணம் அவ்வளவு உறப்பு, பக்கத்து வூட்டுப் பூன வாசல்லயே திரும்பிட்டு."

"வாய மூடிட்டுத் தின்னு. அந்தக் கதையெல்லாம் ஒன்ட வெள்ளக்காரிமாருக்குச் சொல்லு" என்பார் உம்மா.

பிறகு நானா என் பக்கம் திரும்புவார். "இவ அவ்வளவு மெலிவு உம்மா, ஒரு நாளைக்கி மொளகோட சேத்து இவளயும் பக்கெட்டுல போட்டு ஒட்டிடப் போறாங்க."

தோட்டத்தில் ஒரு வலி எண்ணெய் விற்போம். சின்னப் பச்சைப் போத்தல். அதற்கு மட்டும் கண்ணால் பார்க்க ஒன்றும் இல்லை. நானா தோளில் தேய்த்துவிட்டுச் சும்மா நிற்பார். வலி போய்விட்டது என்று வந்தவர்கள்தான் சொல்ல வேண்டும். "பாதிப் பேர் என்ட மொகத்துக்காகச் சொல்றாங்க" என்று வீட்டில் சொல்லிச் சிரிப்பார். உம்மா அதைச் சிரிப்பாக எடுக்கவில்லை. உம்மாவுக்கு அந்த எண்ணெயில் அப்படி ஒரு நம்பிக்கை. முழங்காலுக்கும் அதுதான், தலையிடிக்கும் அதுதான்.

அந்த வெள்ளிக்கிழமை நானா ஜும்ஆ முடிந்து வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல் கதிரையில் உட்கார்ந்தார்.

"நெஞ்சு ஒரு மாதிரி அடைக்குது உம்மா."

"வயித்துக் கேஸ்தான். காலையில வெறும் ப்ளேண்டீயோட ஓடினா வேற என்ன வரும்? சட்டயக் கழட்டு."

உம்மா அந்தப் பச்சைப் போத்தலை எடுத்துவந்து நெஞ்சு முழுக்கத் தேய்த்தார். நான் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். வீடெல்லாம் கறாம்பு வாசம். தேய்த்து முடித்து உம்மா கேட்டார், "எப்படி மகன்?"

நானா தோட்டத்தில் நிற்கிற மாதிரியே இரண்டு கையையும் விரித்தார். "சோ குட், உம்மா, தட் நோ பெய்ன்."

"இங்கிலீஷ்ல சொன்னா நான் எதக் கண்டன்?"

"அவ்வளவு நல்ல எண்ணெ, வலியே இல்லண்டு சொல்றேன்."

உம்மா சிரித்தார். நானும் சிரித்தேன். நானா உள்ளே போய்ப் படுத்தார். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது எழுப்பப் போன உம்மா போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. த்ரீவீலில் போட்டுக்கொண்டு மாத்தளைக்கு ஓடினோம். போய்ச் சேரும்போதே முடிந்திருந்தது. ஹார்ட் என்று சொன்னார்கள்.

ஜனாஸாவுக்கு வந்த எல்லாரும் "நல்ல புள்ள, ரொம்ப நல்ல புள்ள" என்றார்கள். சொல்லிவிட்டு எழும்பிப் போனார்கள். நானாவோடு இருந்து பழகிய எனக்கு, அதற்குப் பிறகு ஒன்று வர வேண்டும் போல இருந்தது. ஒரு த்ரீவீல்காரர் மட்டும் வாசலில் நின்று சொன்னார்: "அவ்வளவு நல்லவன் புள்ள, என்ட மகளுக்கு ரத்தம் வேணும்டு கேட்டு நான் வாய் மூடல்ல, அவன் வண்டில ஏறிட்டான்." அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

உம்மாவுக்கு ஒரே கேள்வி. புருஷன் மௌத்தாகி இத்தா இருக்கிறவளைப் போல மூலையிலேயே இருந்தார். பின்னேரம் நான் வேலை விட்டு வந்ததும் அதைத்தான் கேட்பார்.

"அவனுக்கு உண்மையா சொகம் வந்துச்சா மகள்? இல்லாட்டி என்ட மொகத்துக்காகச் சொன்னானா?"

சுகம் வந்தது என்று சொன்னால், பிறகு ஏன் மௌத்தானான் என்பார். முகத்துக்காகச் சொன்னார் என்றால், நான்தான் பிள்ளையைக் கொன்றேன் என்பார். அதனால் நான் தேயிலை ஊற்றப் போய்விடுவேன். போத்தல் ஜன்னலில் அப்படியே இருந்தது. உம்மா அதைத் தொடவும் இல்லை, வீசவும் விடவில்லை.

நானாவின் பேச்செல்லாம் எனக்குக் காதால் பாடம் என்று முதலாளிக்குத் தெரியும். அதனால் என்னை எண்ணெய் விற்கிற மேசைக்குப் பின்னால் நிற்கச் சொன்னார். வீட்டுக்கு இனி என் சம்பளம் மட்டும்தான். நான் மாட்டேன் என்று சொல்லவில்லை. மிளகு, களிம்பு எல்லாம் நானா சொன்ன மாதிரியே சொன்னேன். வலி எண்ணெய்க்கு வரும்போது மட்டும் போத்தலைப் பார்க்க மாட்டேன். எப்படியோ சொல்லி முடிப்பேன்.

போன கிழமை ஒரு வயதான வெள்ளைக்கார அம்மா தனியாக வந்தார், டிரைவர் மட்டும் கூட. தோளில் எண்ணெய் தேய்த்தேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துத் தன் நெஞ்சு நடுவில் வைத்தார். "ஹியர்? குட்?" என்று கேட்டார். முகம் வெளிறி, மேல் உதட்டில் வேர்வை இருந்தது. முதலாளி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

சோ குட் என்று நாக்கு வரைக்கும் வந்தது. வெளியே வந்தது வேறு.

"நோ, மேடம். டொக்டர். டுடே."

அந்த அம்மா பகிடி என்று நினைத்துச் சிரித்தார். நான் "மை பிரதர்" என்றேன். அதற்கு மேல் என்னிடம் இங்கிலீஷ் இல்லை. போத்தலைக் காட்டினேன். என் நெஞ்சைத் தொட்டேன். கையில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினேன். மூடிய கண்ணைத் திறக்க முடியாமல் அப்படியே நின்று அழுதுவிட்டேன். டிரைவர் சிங்களத்தில் என்ன என்று கேட்டார். சொன்னேன். அவர் அந்த அம்மாவுக்குச் சொன்னார். அந்த அம்மா என் கன்னத்தைத் தொட்டுவிட்டு, ஒன்றும் வாங்காமல் வேனில் ஏறினார்.

"என்ன புள்ள இது?" என்று முதலாளி கத்தினார். "நான் இங்க எண்ணெ விக்கிறேனா, ஜனாஸா அறிவிக்கிறேனா? நாளைக்கி மேசப் பக்கம் வராத. மொளகுக்கே போ."

அன்றைக்கு உம்மா கேட்பதற்கு முன்னால் நானே எல்லாவற்றையும் சொன்னேன். உம்மா ஒன்றைத்தான் கேட்டார்.

"அந்த மனுஷி போனாவா?"

"வேன் மாத்தளப் பக்கம் திரும்பிச்சு உம்மா. ஆஸ்பத்திரிக்கோ ஹோட்டலுக்கோ தெரியா."

உம்மா ஜன்னலைப் பார்த்தார். "எனக்கும் அண்டைக்கு அப்படி ஒத்தர் சொல்லியிருந்தா" என்றார்.

இந்த முறை நான் தேயிலை ஊற்றப் போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். "ஒங்களப் பயப்பட விடாமத்தான் நானா அப்படிச் சொன்னாங்க, உம்மா. ஒங்க மொகத்துக்காகத்தான்" என்றேன். அவ்வளவு நாளும் சொல்லாததைச் சொல்லிவிட்டேன். உம்மா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். இதை எழுதும்போதும் அந்தப் பேச்சு சரியா பிழையா என்று எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு உம்மா அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. வேறு எதையும் அதிகமாகக் கேட்பதும் இல்லை.

நானாவைக் கண்டவர்கள், அவர் கையால் மிளகு முகர்ந்தவர்கள், ஒன்றும் தெரியாமல் இதை இப்போது படிக்கிறவர்கள், எல்லாரிடமும் கேட்கிறேன். நல்லவர் என்று சொல்லி அதோடு நிறுத்திவிடாதீர்கள். அதற்குப் பின்னால் ஒரு துஆவை வையுங்கள். அவர் அடங்கியிருக்கிற கபுரை அல்லாஹ் விசாலமாக்க வேண்டும் என்று கேளுங்கள். என் உம்மாவுக்காகவும் கேளுங்கள்.