பி.ஏ.வை அடகு வைத்த வீடு

கடன் வாங்கியாவது பிள்ளையைப் பட்டப்படிப்புக்கு அனுப்பலாமா என்று என்னிடம் யோசனை கேட்க வருகிறவர்கள் உண்டு. நான் ஓய்வுபெற்ற கிளார்க், எனக்கென்ன தெரியும் என்று நழுவிவிடுவேன். எனக்குத் தெரிந்ததைச் சொன்னால் அவர்கள் மறுபடி என் வீட்டு வாசற்படி ஏறமாட்டார்கள். எங்கள் வீட்டிலும் ஒரு பி.ஏ. இருந்தது. அதற்கு யார் யார் என்ன விலை கொடுத்தோம் என்பதை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். இதில் நான் நல்லவள் இல்லை, அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அப்பா ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் ‘தம்பி’யாக இருந்தார். அன்றைய சிங்கப்பூரில் ஆபீஸ் பியூனுக்கு அதுதான் பெயர். தலை நரைத்து, முன்பல் இரண்டும் போன பிறகும் அவர் தம்பிதான். அதே ஆபீசில் மெட்ராசில் பி.ஏ. படித்த ஒருவர் இருந்தார். துரை அவரை மட்டும் ‘மிஸ்டர்’ போட்டுக் கூப்பிடுவாராம். அந்த மிஸ்டர் அப்பாவின் தலைக்கு ஏறிவிட்டது. ஐம்பதுகளின் நடுவில் ஒருநாள், அண்ணனை மெட்ராசுக்கு அனுப்பப் போவதாக அம்மாவிடம் சொன்னார். சொன்னார் என்றால் சொன்னார், அவ்வளவுதான். அண்ணனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அம்மாவின் கழுத்திலும் காதிலும் இருந்தது முதலில் போயிற்று. பிறகு மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் வட்டிக்கு விடும் செட்டியார்கள் வரிசையாகப் பெட்டி போட்டு உட்கார்ந்திருக்கும் கிட்டங்கிக்குப் போய், சம்பளச் சீட்டைக் காட்டி இரண்டாயிரம் வெள்ளிக்கு, டாலரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், கைநாட்டு வைத்துவிட்டு வந்தார்.

அப்போது நான் செகண்டரி இரண்டாம் வகுப்பு. என் ஆங்கிலக் கட்டுரைகளை டீச்சர் மற்ற வகுப்புகளுக்கு எடுத்துப்போய்ப் படித்துக் காட்டுவார். பெருமைக்காகச் சொல்லவில்லை, பிறகு நடந்ததற்கு அது தேவைப்படுகிறது. அண்ணன் கப்பலேறிய மாதமே அப்பா என்னைப் பள்ளியிலிருந்து நிறுத்தினார்.

“நானும் படிக்கிறேன்ப்பா. பள்ளிக்கூடச் செலவுக்கு நானே தைச்சு சம்பாரிக்கிறேன்” என்றேன்.

“வீட்டுக்கு ஒரு பி.ஏ. போதும்லா” என்றார்.

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவே இல்லை.

எங்களுக்கு பஃபலோ ரோட்டில், காய்கறிக் கடைக்கு மேலே ஒரே ஓர் அறை. அண்ணன் படித்த நான்கு வருஷமும் அங்கே ஜன்னலோரம் உட்கார்ந்து காஜா எடுத்தேன். சட்டைக்குப் பொத்தான் துளை வெட்டி, ஓரத்தை நூலால் சுற்றிக் கட்டுவதுதான் காஜா. சிராங்கூன் ரோட்டுத் தையற்கடைகள் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து போடும். வரும் பணத்தில் பெரும்பகுதி அண்ணனின் மெஸ்ஸுக்குப் போகும். ஆனால் நான் அத்தனை அசடு இல்லை. வாரத்துக்கு ஒரு வெள்ளியாவது மறைத்து வைத்தேன். மாலை வகுப்பில் சேர்ந்து, தனியாகப் பள்ளி இறுதித் தேர்வு எழுத வேண்டும். வகுப்புக்கும் புத்தகத்துக்கும் தேர்வுக் கட்டணத்துக்கும் எல்லாமாக நூற்றெண்பது வெள்ளி ஆகும் என்று விசாரித்து வைத்திருந்தேன். உயிரோடிருக்க எனக்கு வேறு காரணம் எதுவும் இருந்ததாக நினைவில்லை.

அண்ணன் பட்டத்தைத் தகரக் குழாயில் சுருட்டிக்கொண்டு வந்து இறங்கினான். அதற்குள் கிட்டங்கிக்கு ஐந்து மாத வட்டி பாக்கி. செட்டியார் ஆள் அனுப்பினார், அடமானமாக ஏதாவது கொடு என்று. வீட்டில் குத்துவிளக்குகூட மிச்சமில்லை. அப்போதுதான் அப்பா, வேறு எவனும் செய்யத் துணியாத ஒரு காரியத்தைச் செய்தார். தகரக் குழாயைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டுபோய், “இத வச்சுக்குங்க செட்டியாரே. இதவிட ஒசந்த பொருள் எங்க வீட்ல இல்ல” என்று கொடுத்துவிட்டார். நகையை வைக்கிறோம், நிலப் பத்திரத்தை வைக்கிறோம், பட்டத்தை வைத்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. அந்தக் காகிதத்தை விற்றால் பத்துக் காசு தேறாது என்று செட்டியாருக்குத் தெரியும். அது தன்னிடம் இருக்கும்வரை இந்த மனுஷனுக்குத் தூக்கம் வராது என்பதும் தெரியும். வாங்கி இரும்புப் பெட்டியில் பூட்டிவிட்டார்.

அப்பா அன்று மகிழ்ச்சியாக வீடு திரும்பினார். மூன்று மாதத் தவணை கிடைத்துவிட்டதாம்.

“இண்டர்வியூக்கு ஒரிஜினல் கேப்பாங்களேப்பா” என்றான் அண்ணன்.

“கேட்டா வாங்கிக்கலாம்.”

எப்படி வாங்கினோம் தெரியுமா? ஒவ்வொரு இண்டர்வியூவுக்கும் கிட்டங்கியின் கணக்கப்பிள்ளை, கக்கத்தில் குடையோடும் கையில் தகரக் குழாயோடும் அண்ணனுடன் கூடவே போவார். பஸ் காசும் காப்பிப் பலகாரமும் அண்ணன் கணக்கு. அண்ணன் உள்ளே பேசும்போது அவர் வெளியே பெஞ்சில் குழாயை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். கூப்பிட்டால் உள்ளே போய்ப் பட்டத்தை விரித்துக் காட்டி, துரை பார்த்து முடித்ததும் சுருட்டி வாங்கிக்கொண்டு வருவார். ஓர் ஆபீசில் அவரையே வேலைக்கு வந்தவர் என்று நினைத்து முதலில் உள்ளே கூப்பிட்டுவிட்டார்களாம். இதை அண்ணன் வீட்டில் சொன்னபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். நான் சிரித்து முடிக்கும்வரை அவன் குனிந்த தலை நிமிரவில்லை.

பட்டத்தைப் பார்த்தவர்கள் சொன்னதும் ஒன்றேதான். இந்தப் பட்டம் எங்கள் பட்டியலில் இல்லை, பள்ளி இறுதி முடித்தவருக்கு உள்ள சம்பளம் தருகிறோம், சம்மதமா? அண்ணனுக்குச் சம்மதம். அப்பாவுக்கு மானப் பிரச்சினை. “பி.ஏ. படிச்சவன் அந்தச் சம்பளத்துக்குப் போறதா? இந்தத் தேக்கா வட்டாரத்துல தலைகாட்ட முடியுமா?” என்று குதித்தார். பின்னாளில் நான் வேலைக்குச் சேர்ந்தது அதே சம்பளத்துக்குத்தான். அதை அவர் மாதா மாதம் கூசாமல் எண்ணி வாங்கிக்கொண்டார்.

அண்ணன் வீட்டில் உட்கார்ந்தான். அம்மா மீன் தலையை அவனுக்கே வைத்தாள். நான் காஜா எடுத்தேன். என் எதிரில் நாள் முழுக்க ஆங்கிலப் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அவனைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. படிக்கத் தெரிந்த கை இங்கே ஊசி பிடிக்கிறது, அங்கே ஒரு கை பேப்பர் புரட்டுகிறது என்று சொல்லிக் காட்டுவேன். அவன் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போய்விடுவான்.

கடைசியில் செட்டியாரே சலித்துப்போனார். அசலை உன் மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறேன், பாக்கி வட்டி நூற்றெண்பது வெள்ளியைக் கட்டிவிட்டுக் காகிதத்தை எடுத்துக்கொண்டு போ என்றார். என் பணத்தை எண்ணிப் பார்த்துச் சொன்னதுபோல் இருந்தது. நான் மறைத்து வைத்திருந்தது அம்மாவுக்குத் தெரியும். அன்றே அப்பாவுக்கும் தெரிந்துவிட்டது.

அவர் கெஞ்சவில்லை. “எடுத்துட்டு வா” என்றார்.

எடுத்துக் கொடுத்தேன். இல்லை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. ஒன்றை மட்டும் கேட்டேன். பட்டம் என் பெட்டியில்தான் இருக்க வேண்டும், என் பணம் திரும்பும்வரை. “எல்லாம் ஒரே வீடுதானே” என்றார் அப்பா.

ஒரே வீடுதான். ஆனால் சாவி என் இடுப்பில் இருந்தது. இரண்டு வருஷம் நான் கிட்டங்கி நடத்தினேன். அண்ணனுக்குப் பட்டம் வேண்டுமென்றால் என்னிடம் கேட்க வேண்டும். ஒருமுறை கேட்டால் காது கேளாததுபோல் இருப்பேன், இரண்டாவது முறை கேட்க வைப்பேன். நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கொடுப்பேன். மாதம் ஒரு வெள்ளி வட்டி எழுதினேன். செட்டியாராவது சிரித்துப் பேசுவார், நான் அதுவும் இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது. இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன், எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

கேலாங்கில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை வந்தது. பட்டத்தைக் காட்டினால் போதும், பட்டதாரிச் சம்பளம் தருவார்கள், அப்பாவும் சரி என்றுவிட்டார். காலை ஒன்பது மணிக்கு இண்டர்வியூ. நான் ஏழு மணிக்கே சாவியோடு மார்க்கெட்டுக்குப் போனேன். கீரைக்காரியிடம் பேசினேன், மீன்காரனிடம் பேரம் பேசினேன், வாங்க ஒன்றுமில்லாமல் மூன்று சுற்றுச் சுற்றினேன். பத்தரை மணிக்கு வீடு திரும்பியபோது அண்ணன் கால்சட்டையும் டையுமாகப் படியில் உட்கார்ந்திருந்தான். மாலையில் அப்பா அவனைத்தான் அறைந்தார், நேரத்துக்குக் கிளம்பத் துப்பில்லை என்று. இருபத்துநான்கு வயது ஆண்பிள்ளை வாங்கிக்கொண்டான். சாவி யாரிடம் இருந்தது என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் பெண் கொடுக்க வந்தார்கள். சிராங்கூன் ரோட்டில் நகைக்கடை வைத்திருந்தவர், ஒரே மகள், படித்த மாப்பிள்ளை வேண்டும் என்றார். அப்பா நாற்காலிகளை இரவல் வாங்கிப் போட்டார். பேச்சு முடியும் நேரத்தில் நகைக்கடைக்காரர், “சர்டிபிகேட்டக் கண்ணால பாத்துட்டா நல்லது” என்றார். தொழில் பழக்கம், எதையும் பார்க்காமல் எடுக்கமாட்டார். அப்பா என்னைப் பார்த்தார்.

நான் தகரக் குழாயைக் கொண்டுவந்து கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். “இது என்கிட்ட அடகுல இருக்குங்க. அசல் நூத்தெண்பது, வட்டி இருபத்துநாலு. கட்டிட்டா எடுத்துக்கலாம்” என்றேன்.

அப்பாவின் முகம் கறுத்தது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நகைக்கடைக்காரர் மட்டும் அசரவில்லை. பையிலிருந்து இருநூற்று நான்கு வெள்ளியை எடுத்துத் தாம்பாளத்தில் வைத்துவிட்டுக் குழாயை வாங்கினார். பட்டத்தை விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், மறுபடி சுருட்டினார், தம் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டார். “எங்கிட்டயே இருக்கட்டும். மாப்பிள்ளை கடையில பில்லு எழுதுறதுக்கு இது தேவைப்படாது” என்றார். அப்பா தலையாட்டினார்.

நான் பணத்தோடு மாடியின் பின்கட்டில் இருந்த பொது அடுப்படிக்குப் போய் எண்ணிக்கொண்டிருந்தேன். அந்தப் பணத்தில்தான் அந்த வருஷமே மாலை வகுப்பில் சேர்ந்தேன். அண்ணன் பின்னாலேயே வந்து நின்றான்.

“சரியா இருக்கா?”

“இருக்கு.”

“பாப்பா, படிக்கணும்னு கேட்டது நீ. அனுப்பி வச்சது என்னை. இதுல நான் உனக்கு என்ன செஞ்சேன்?”

அவன் கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பியவன் மாதிரிக் கேட்டான்.

அவன் ஒன்றும் செய்யவில்லை. அது எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். அப்பாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேச எனக்குத் தைரியம் கிடையாது. அண்ணன் திருப்பி அடிக்கமாட்டான், அதனால் அவனை அடித்தேன். இதை அப்போதே அவனிடம் சொல்லியிருக்கலாம். அவன் அடுப்படி வாசலில் நின்று காத்திருந்தான், நேரமும் இருந்தது.

நான் தலை நிமிராமல், நோட்டுகளை முதலிலிருந்து மறுபடி எண்ண ஆரம்பித்தேன்.