சூரியனுக்குக் காத்திருந்த வேன்

“...அவ இல்லாம போயி கப்பு ஜெயிச்சா, அதுல டீ ஊத்திக் குடிக்கக்கூட மனசு வராது மிஸ்!”

சொன்னது எங்கள் பள்ளிக் கோகோ அணியின் கேப்டன். பத்தாம் வகுப்பு, ஆட்டோக்காரர் மகள். மாற்று ஆளை இறக்கலாமா என்று நான் கேட்டதற்குத்தான் இந்தப் பதில். வேன் டிரைவர் மறுபடியும் ஹார்ன் அடித்தார்.

விடியற்காலை, வெள்ளானூர் பக்கத்து ஏரிக்கரை. எங்கள் அணியில் ஓடினால் பிடிபடாத பெண் ஒருத்தி உண்டு, பீகார்க் குடும்பம். அவள் இடுப்பளவு தண்ணீரில் அம்மாவோடு நின்றிருந்தாள். அவர்களுக்குச் சட் பூஜை, சூரியனைக் கும்பிடும் விரதம். அம்மா முந்தாநாள் ராத்திரியிலிருந்து சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. பழமும் தேங்காயும் வைத்த மூங்கில் முறத்தை ஏந்திக்கொண்டு கிழக்கே பார்த்து நிற்கிறார். சூரியன் தலைகாட்டினால் பாலும் நீரும் விட்டுக் கரையேறலாம். மழைக்கால மேகம் விட்டால்தானே! அப்பாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் நைட் ஷிப்ட். தளர்ந்துபோன அம்மாவைத் தனியே விட்டு மகள் எப்படி வருவாள்? திருவள்ளூரில் மேட்ச், நேரத்துக்குப் போகாவிட்டால் ஆடாமலே தோற்றோம்.

வேனில் இருந்த மற்ற பிள்ளைகளும் கேப்டன் கட்சிதான். ஒடியா பேசுகிறவள், தெலுங்கு பேசுகிறவள், பூந்தமல்லி ஜவுளிக்கடைக்காரர் மகள் என்று எல்லாம் கலந்த கூட்டம். ஜவுளிக்கடைக்காரர் மகள் நோன்பு இருக்கும் மாதத்தில் மைதானத்தில் அவள் எதிரே ஒருத்தியும் தண்ணீர் பாட்டிலைத் திறக்க மாட்டாள். யாரும் போட்ட சட்டமில்லை. யார் வீட்டில் எது ஆகும், எது ஆகாது என்று விளையாட்டு பீரியடில் ஒருத்தியை ஒருத்தி கேட்டே தெரிந்துகொண்டவர்கள். இத்தனை வருஷம் பாடம் நடத்திய எனக்கு அதில் பாதி தெரியாது.

“வேணும்னா நான் அம்மாகூட நிக்கட்டுமா?” என்றேன்.

கேப்டன் சிரித்துவிட்டாள். “நீங்க காபி குடிச்சிருப்பீங்களே மிஸ்! குளிச்சிட்டு, வெறும் வயித்தோட வந்தவங்கதான் அந்த முறத்தைத் தொடணும்.”

அப்புறம் ஏரியைப் பார்த்து ஒரு கத்தல். “ஏய், மேல வாடி! ஆன்ட்டிய நான் பாத்துக்கறேன்!”

“இன்னாடி பேசற? கேப்டன் இல்லாம மேட்சா?” தண்ணீருக்குள்ளிருந்து பதில். அந்தப் பெண்ணின் தமிழ் முழுக்கக் கேப்டன் உபயம். அதே ராகம், அதே எகத்தாளம்.

“நான் வரிசையில குந்திகினு எழுந்துக்கதான் லாயக்கு. ஓடறவ நீதான? நான் குளிச்சாச்சு, ராத்திரியிலேர்ந்து ஒண்ணும் துன்னல. ஆன்ட்டிகிட்ட சொல்லு!”

மகள் இந்தியில் சொன்னாள். அம்மா திரும்பிக் கரையில் நின்றவளைப் பார்த்தார். சரியென்று தலையசைத்தார்.

கேப்டன் பேட்ஜைக் கழற்றி என் கையில் திணித்தாள். ஷூவை உதறினாள். டிராக் பேன்ட்டோடு விறுவிறுவென்று தண்ணீரில் இறங்கிப் போய், அந்த அம்மாவின் கைகளுக்கு அடியில் தன் இரண்டு கைகளையும் கொடுத்து முறத்தைத் தாங்கிக்கொண்டாள்.